கிருமியின் நஞ்சு யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களுக்குப் பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ் என்று பெயர். அவை பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி அதை அழிக்கின்றன என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஃபேஜ் பாக்டீரியாவை அழிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் படித்த ஒரு நூலிலோ, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயை உண்டாக்கும் நஞ்சே ஃபேஜிடமிருந்து வந்ததுதான் என்று இருக்கிறது. அழிக்க வந்த வைரஸ் ஆயுதமும் கொடுக்குமா? வகுப்பில் மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது? (ஓர் ஆசிரியை)

பதில்: இரண்டும் உண்மைதான். சென்ற முறை நான் பாதியை மட்டும் சொல்லிவிட்டேன். மறுபாதியை இப்போது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நோயைப் பொறுத்தவரை அந்த மறுபாதிதான் முக்கியமானது.

ஃபேஜ்களில் ஒரு சாரார், புகுந்த பாக்டீரியாவின் உயிர்ச்செயல்களையெல்லாம் தம் வசப்படுத்திக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய ஃபேஜ்களை உருவாக்கி, செல்சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். இன்னொரு சாரார் அவ்வளவு அவசரப்படுவதில்லை. அவர்கள் தம்முடைய டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் குரோமோசோமிலேயே பொருத்திக்கொண்டு அடங்கிவிடுகிறார்கள். பாக்டீரியா பிரியும்போதெல்லாம் அந்த வைரஸின் மரபணுக்களும் சேர்ந்து பிரதியாகி, தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகின்றன. குடியேறிய வைரஸ் கொண்டுவந்த மரபணுக்களில் ஏதேனும் ஒன்று பாக்டீரியாவுக்குப் புதிய திறனைத் தருமானால், அந்தப் பாக்டீரியாவின் இயல்பே மாறிவிடும்.

தொண்டை அடைப்பான் இதற்கு முதன்மையான சான்று. 1884-இல் ஃபிரெட்ரிக் லோஃப்லர் இந்நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தபோது இரண்டு புதிர்கள் அவரை உறுத்தின. ஊசி மூலம் கிருமியைச் செலுத்திய விலங்குகள் இறந்தன. ஆனால் செலுத்திய இடத்தைத் தவிர உடலின் வேறெந்தப் பகுதியிலும் கிருமி இல்லை, பழுது மட்டும் இருந்தது. கிருமி ஓரிடத்தில் இருந்துகொண்டே ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். 1888-இல் எமில் ரூவும் அலெக்சாண்டர் எர்சனும் கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவமே விலங்குகளைக் கொல்வதைக் காட்டி அதை உறுதிசெய்தார்கள். லோஃப்லரின் இரண்டாவது புதிர் இன்னும் நெடுநாள் நீடித்தது. நோயே இல்லாத ஒரு குழந்தையின் தொண்டையிலும் அதே தோற்றமுள்ள கிருமியை அவர் கண்டிருந்தார். ஒரே கிருமி ஒருவரைக் கொல்கிறது, இன்னொருவரை ஒன்றும் செய்வதில்லை என்றால் எப்படி?

விடை கிடைக்க 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விக்டர் ஃப்ரீமன் என்னும் ஆய்வாளர், நஞ்சு சுரக்காத தொண்டை அடைப்பான் கிருமிகள்மீது ஒரு ஃபேஜைச் செலுத்தினார். பெரும்பாலானவை அழிந்தன. தப்பிப் பிழைத்தவை மட்டும் நஞ்சு சுரக்கத் தொடங்கியிருந்தன! நஞ்சுக்கான மரபணு வைரஸினுடைய டி.என்.ஏ.விலேயே இருக்கிறது என்பது 1971-இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்வதற்கும், இதயத் தசை பழுதடைவதற்கும் காரணமான அந்த நஞ்சின் ஒரே ஒரு மூலக்கூறு உட்புகுந்தாலும் ஒரு மனிதச் செல்லைக் கொல்ல அது போதும்.

மாணவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். மரபணு வைரஸுடையது, ஆனால் அதை எப்போது இயக்குவது என்று தீர்மானிக்கும் புரதம் பாக்டீரியாவுடையது. சுற்றுப்புறத்தில் இரும்புச்சத்து போதிய அளவு இருக்கும்வரை அந்தப் புரதம் நச்சு மரபணுவை மூடி வைக்கிறது. மனித உடலோ இரும்பைத் தன்னுடைய புரதங்களோடு இறுகப் பிணைத்து வைத்திருப்பதால், தொண்டையில் வந்து தங்கிய கிருமிக்கு இரும்பு கிடைப்பதில்லை. பூட்டு திறந்துகொள்கிறது, நஞ்சு சுரக்கிறது. வந்தேறிய ஒரு மரபணு, குடியிருக்கும் வீட்டின் பழக்கவழக்கத்துக்கு இவ்வளவு கச்சிதமாக இணங்கிவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: அப்படியானால் தொண்டை அடைப்பானுக்கு நாம் போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பாக்டீரியாவுக்கு எதிரானதா, வைரஸுக்கு எதிரானதா?

பதில்: இரண்டுக்கும் நேரடியாக எதிரானதன்று, நஞ்சுக்கு எதிரானது. நஞ்சை ஃபார்மலின் கொண்டு வீரியம் இழக்கச் செய்து தடுப்பூசியாகத் தருகிறார்கள். ஆகவே தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் தொண்டையில் அந்தக் கிருமி சில வேளை தங்கக்கூடும்; அது சுரக்கும் நஞ்சு மட்டும் பலிக்காது. சரியாகச் சொன்னால், ஒரு வைரஸ் மரபணுவின் விளைபொருளை முறியடிக்கவே அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: காலராவும் இப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். காலராக் கிருமிக்கு நஞ்சு கொடுத்ததும் வைரஸ்தானா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: ஆம். ஆனால் காலராவின் கதை தொண்டை அடைப்பானின் கதையைவிடச் சிக்கலானது.

ராபர்ட் கோக் 1884-இல் காலராக் கிருமியைத் தூய நிலையில் வளர்த்துக் காட்டிவிட்டார். அது எப்படி மனிதனைக் கொல்கிறது என்பது விளங்க மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, முயலின் குடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்புத் திரவத்தை அதற்குள் செலுத்தினார். கட்டிய குடல் நீர் கோத்து உப்பியது. கிருமியே இல்லாமல் அதன் சுரப்பு மட்டுமே குடலிலிருந்து நீரை இறைக்கிறது என்பதற்கு அந்த உப்பிய குடலைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? எளிய கருவிகளைக் கொண்டு செய்யப்பட்ட இந்த ஆய்வு, அது பெற்றிருக்க வேண்டிய கவனத்தைத் தன் காலத்தில் பெறவில்லை என்பதே என் கருத்து. இந்த நஞ்சு குடற்செல்களுக்குள் புகுந்து அவற்றின் உப்புக் கால்வாய்களைத் திறந்துவிடுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் மணிக்கு 1 லிட்டர் வரை நீரை இழக்க நேரும்.

அந்த நஞ்சின் மரபணு எங்கிருந்து வந்தது என்பதை 1996-இல் அமெரிக்காவில் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலனோஸும் கண்டறிந்தார்கள். நூலிழை போன்ற உருவமுள்ள ஒரு சிறிய ஃபேஜின் மரபுத்தொகுதியில் அது உட்கார்ந்திருந்தது. இந்த ஃபேஜ் காலராக் கிருமியை உடைப்பதில்லை. கிருமி உயிரோடு இருக்கும்போதே அதன் உறையிலுள்ள ஒரு வாயில் வழியாக மெல்ல மெல்ல வெளியேறுகிறது. காலரா நஞ்சு வெளியேறுவதும் அதே வாயில் வழியாகத்தான். வைரஸும் அது கொண்டுவந்த நஞ்சும் ஒரே கதவைப் பயன்படுத்துகின்றன.

உள்ளே புகும் வழி இன்னும் வியப்புக்குரியது. காலராக் கிருமி நம் குடலில் குடியேறுவதற்கு மெல்லிய இழை போன்ற உறுப்புகள் அதற்குத் தேவைப்படுகின்றன. அந்த இழைகளையே இந்த ஃபேஜ் பற்றிக்கொண்டு கிருமிக்குள் நுழைகிறது. மனிதக் குடலில் தங்கும் தகுதி எந்தக் கிருமிக்கு இருக்கிறதோ, அந்தக் கிருமிக்கே நஞ்சும் வாய்க்கிறது. எலிகளில் செய்த ஆய்வில், இந்தக் கைமாற்றம் சோதனைக்குழாயில் நடப்பதைவிடக் குடலுக்குள் அதிகத் திறனோடு நடப்பது தெரிந்தது. கடலோர நீரிலும் கழிமுகங்களிலும் காலராக் கிருமியின் இனத்தைச் சேர்ந்தவை ஏராளமாக வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இந்த நச்சு மரபணு இல்லை, அவற்றால் கொள்ளைநோயும் வருவதில்லை. ஆகவே நீரில் காலராக் கிருமி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அதற்குள் அந்த ஃபேஜ் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: நஞ்சு தயாரிப்பதால் வைரஸுக்கு என்ன இலாபம்?

பதில்: காலராவை வைத்தே பார்க்கலாம். வயிற்றுப்போக்கு மிகுந்தால் கிருமி கோடிக்கணக்கில் நீரில் கலந்து அடுத்தவரைச் சென்றடைகிறது. கிருமியோடு அதற்குள் குடியிருக்கும் வைரஸின் மரபணுக்களும் பரவுகின்றன. குடியிருப்பவர் வீட்டுக்காரருக்குச் செய்யும் உதவி தமக்கே உதவியாகத் திரும்பி வருகிறது. எல்லா நஞ்சுகளுக்கும் இந்த விளக்கம் பொருந்துமென்று நான் வாதிட மாட்டேன். சில நஞ்சுகள், பாக்டீரியாக்களை விழுங்கி உண்ணும் ஒருசெல் உயிரிகளிடமிருந்து தப்புவதற்காகத் தோன்றியவையாக இருக்கலாம், மனிதன் இடையில் அகப்பட்டுக்கொண்டான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

கேள்வி: என் உறவினரின் குழந்தைக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. மருத்துவர் உடனே ஆன்டிபயாட்டிக் தர மறுத்து, மலப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். எங்களுக்கு அது அலட்சியமாகப் பட்டது. அவர் செய்தது சரியா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஒரு குறிப்பிட்ட குழந்தையின் சிகிச்சையைப் பற்றி இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் அந்தத் தயக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அது அலட்சியம் அன்று.

ஈ.கோலை என்னும் பாக்டீரியா நம் எல்லோருடைய குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வது. அதன் சில வகைகளில் மட்டும், குறிப்பாக 1982-இல் அமெரிக்காவில் முதன்முறையாக நோய்க்காரணியாக அடையாளம் காணப்பட்ட ஓ157 என்ற வகையில், ஷிகா நஞ்சுக்கான மரபணுவைச் சுமந்த ஃபேஜ் குடியிருக்கிறது. இந்த நஞ்சு இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. ஓ157 தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 15 பேருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வருகிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபேஜ் அடங்கியிருக்கும்வரை அதன் பெரும்பாலான மரபணுக்களைப் போலவே நச்சு மரபணுவும் ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குச் சேதம் நேரும்போது, செல்லுக்குள் ஓர் அபாய அறிவிப்பு எழுகிறது. குடியிருந்த வைரஸ் அந்த அறிவிப்பைக் கேட்டு, மூழ்கும் கப்பலிலிருந்து தப்புவதுபோல, விழித்தெழுந்து பெருகத் தொடங்குகிறது. வைரஸின் உடற்பாகங்களை உருவாக்கும் மரபணுக்கள் இயங்கும் அதே வேளையில், அவற்றின் வரிசையில் அமைந்திருக்கும் நச்சு மரபணுவும் இயங்குகிறது. ஈ.கோலைக்கு இந்த நஞ்சைத் தானாக வெளியே அனுப்பும் வழி இல்லை. ஃபேஜ் செல்லை உடைக்கும்போதுதான் சேர்ந்திருந்த நஞ்சு முழுவதும் குடலில் கொட்டுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் தாக்கியே அதைக் கொல்கின்றன. கிருமியைக் கொல்லக் கொடுத்த மருந்து, அதற்குள் உறங்கிய வைரஸை எழுப்பிவிடக்கூடும் என்பதுதான் மருத்துவரின் அச்சம். நம்முடைய வெள்ளையணுக்கள் கிருமிகளைத் தாக்க வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இந்த ஃபேஜை எழுப்பவல்லது என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

எனினும் இதைப் படித்துவிட்டு, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக்கே கூடாது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஷிகெல்லா என்னும் கிருமியால் வரும் சீதபேதியும் அதே தோற்றத்தில்தான் வரும். கடுமையான சீதபேதிக்கு ஆன்டிபயாட்டிக் தேவை. எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ளவே மலப் பரிசோதனை. அதுவரை உடல் வற்றாமல் நீரும் உப்பும் கொடுத்துவருவதும், சிறுநீர் குறைகிறதா, முகம் வெளுக்கிறதா என்று கவனிப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

2011-இல் ஜெர்மனியில் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஓ104 என்ற ஈ.கோலை வகையால் ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்றார்கள். 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நலமாக இருந்த வயதுவந்தவர்கள். கிருமியின் மரபுத்தொகுதியைப் படித்தபோது காரணம் தெரிந்தது. குடற்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும் திறமையுள்ள ஒரு பழைய வகைக்கு, ஷிகா நஞ்சைச் சுமந்த ஃபேஜ் புதிதாக வந்து சேர்ந்திருந்தது. ஒட்டும் திறமை ஓரிடத்திலிருந்தும் நஞ்சு வேறோரிடத்திலிருந்தும் வந்து ஒரே கிருமியில் கூடின.

கேள்வி: வேறு எந்த நோய்களில் ஃபேஜுக்குப் பங்கு இருக்கிறது?

பதில்: செங்காய்ச்சலில் தோலைச் சிவக்கச் செய்யும் நஞ்சுகளில் முக்கியமான ஒன்றும், தசைகளை முடக்கும் பாட்டுலினம் நஞ்சின் சி, டி என்ற இரு வகைகளும், ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வெள்ளையணுக்களைத் துளைக்கப் பயன்படுத்தும் ஒரு நஞ்சும் ஃபேஜ் மரபணுக்களிலிருந்து உருவாகின்றன. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாக் கிருமியின் ஒரு வகையில், குடியேறிய ஃபேஜ் அதன் மேலுறையின் சர்க்கரை அமைப்பையே மாற்றிவிடுகிறது; ஒரு முறை நோயுற்றுத் தேறியவரின் எதிர்ப்பொருள்கள் அந்தக் கிருமியை அடையாளம் காண இயலாமல் போகலாம்.

கேள்வி: இந்த வைரஸ்கள் நம்மைத் தொற்றாதா?

பதில்: தொற்றாது. ஒவ்வொரு ஃபேஜும் பற்றிக்கொள்வதற்குக் குறிப்பிட்ட ஒரு மேலுறை அமைப்பை நாடுகிறது. பாக்டீரியாவில் இருக்கும் அவ்வமைப்புகள் நம் செல்களில் இல்லை. ஆனால் தொற்றாமலேயே நம்மைப் பாதிக்க முடியும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவிக் கோளாறுள்ளவர்களின் நுரையீரலில் நெடுங்காலம் தங்கும் சூடோமோனாஸ் கிருமி, நூலிழை ஃபேஜ் ஒன்றைப் பெருமளவில் வெளியிடுகிறது. அந்த இழைகள் சளியிலுள்ள பிற பொருள்களோடு ஒழுங்காக அடுக்கப்பட்டுக் கெட்டியான படலமாகி, மருந்து உள்ளே செல்வதைத் தடுக்கின்றன.

கேள்வி: நஞ்சு கொடுக்கும் கதையே போதும். ஃபேஜ் நோயைக் குறைக்கவும் செய்கிறது அல்லவா? அதை மருந்தாக ஏன் பயன்படுத்தவில்லை?

பதில்: குறைக்கவும் செய்கிறது. 1896-இல் எர்னெஸ்ட் ஹான்கின் என்பவர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி விரைவில் மடிவதையும், அந்நீரைக் கொதிக்க வைத்தால் அந்தத் தன்மை போய்விடுவதையும் பதிவு செய்தார். ஃபேஜ் என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. பின்வந்தவர்கள் பலர் அவர் கண்டது ஃபேஜின் வேலை என்று கருதுகிறார்கள். பங்களாதேஷின் தலைநகரான டாக்காவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அங்கே நீர்நிலைகளில் காலராவை அழிக்கும் ஃபேஜ்கள் பெருகியிருந்த காலத்தில் நோயாளிகள் குறைவாக இருந்தார்கள். கொள்ளைநோய் உச்சத்தை அடைந்தபின் நோயாளிகளின் மலத்திலேயே ஃபேஜ்கள் மிகுந்து, நோய் தணிந்தது. ஆக, காலராக் கிருமிக்கு நஞ்சைத் தந்ததும் ஒரு ஃபேஜ். அந்தக் கொள்ளைநோயைத் தணியச் செய்வதும் வேறொரு ஃபேஜ்.

மருந்தாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஃபேஜுக்குப் பெயர் வைத்த ஃபெலிக்ஸ் டெரெல், 1919-லேயே பாரிஸில் சீதபேதி கண்ட சிறுவன் ஒருவனுக்கு அதைக் கொடுத்தார். ஜார்ஜியாவின் திபிலிசியில் கியார்கி எலியாவா 1923-இல் நிறுவிய நிலையம் இன்றும் ஃபேஜ் சிகிச்சை அளித்துவருகிறது. மேலை நாடுகள், ஆன்டிபயாட்டிக்குகள் வந்ததும் இதைப் பெரும்பாலும் கைவிட்டன; மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்ட இந்நாளில் மீண்டும் நாடுகின்றன. ஒரு ஃபேஜ் ஓர் இனத்தின் சில வகைகளை மட்டுமே தாக்கும் என்பதால், ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் பொருத்தமானதைத் தேட வேண்டியிருக்கிறது. கிருமிகளும் ஃபேஜுக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்கின்றன. சில வேளை அந்த எதிர்ப்பே நமக்குச் சாதகமாகிறது. சூடோமோனாஸ் கிருமியைத் தாக்கும் ஒரு ஃபேஜ், ஆன்டிபயாட்டிக்கை வெளியே இறைக்கப் பயன்படும் குழாயைப் பற்றிக்கொண்டுதான் நுழைகிறது. ஃபேஜிடமிருந்து தப்ப அந்தக் குழாயை மாற்றிக்கொண்ட கிருமி, பழைய மருந்துக்கு மீண்டும் பணிந்துவிடுகிறது.

இவ்வளவு எழுதியபின் ஓர் எச்சரிக்கையை விட்டுவிட முடியாது. சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கும் ஃபேஜ், பாக்டீரியாவின் குரோமோசோமில் குடியேறும் வகையாக இருக்கவே கூடாது. ஆகவே அதன் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து, குடியேற உதவும் நொதிக்கோ ஏதேனும் நஞ்சுக்கோ மரபணு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அதை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். இந்தச் சோதனையை வெறும் சடங்காக நினைப்பவர்கள், தொண்டை அடைப்பானின் வரலாற்றை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: அழிக்கும் ஃபேஜ், குடியேறும் ஃபேஜ் என்ற வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? (அதே ஆசிரியை)

பதில்: ஃபேஜைப் பார்க்க முடியாது. பெரிய ஃபேஜ்களில் ஒன்றான டி4 கூட 200 நானோமீட்டர் நீளந்தான். 5,000 ஃபேஜ்களை வரிசையாக அடுக்கினால் 1 மில்லிமீட்டர் வரும். ஆனால் அது செய்த வேலையைப் பார்க்கலாம். கண்ணாடித் தட்டிலுள்ள ஊட்டக் கூழின்மீது பாக்டீரியாவைச் சீராகப் பரப்பி, அதில் நீர்த்த ஃபேஜ் கரைசலைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்தால், மறுநாள் காலையில் பால்போல் வெளுத்த பாக்டீரியாப் படலத்தின் நடுவே சிறு சிறு வட்டங்கள் தெரியும். அழிக்கும் ஃபேஜ் உண்டாக்கிய வட்டம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், அங்கே பெரும்பாலும் எதுவும் எஞ்சியிருக்காது. குடியேறும் ஃபேஜ் உண்டாக்கிய வட்டத்தின் நடுப்பகுதி மங்கலாக இருக்கும். ஊசி முனையால் அந்த மங்கலை எடுத்து வளர்த்தால் பாக்டீரியா முளைக்கும்; அவை அந்த வைரஸைத் தம்முள் ஏற்றுக்கொண்டதால் உயிர்பிழைத்தவை. 1951-இல் ஃப்ரீமன் வளர்த்தெடுத்ததும், சோதனை விலங்குகளை நஞ்சால் கொன்றதும் இப்படித் தப்பிப் பிழைத்த கிருமிகள்தாம்.